முட்டைக்குள் திரும்பிப் போன குஞ்சு

எங்கள் பள்ளிக்கு டிவியும் டிவிடி பிளேயரும் வந்து ரொம்ப நாள் வரை அவற்றை யாரும் தொடவில்லை. தலைமையாசிரியை டிவிக்கென்று கதவு வைத்த மரப்பெட்டி ஒன்று செய்து, தன் அறையிலேயே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தூசி படக்கூடாதாம். விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் கம்பெனிகளுக்கு நடுவில் பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு தூசி படக்கூடாது என்றால் எப்படி? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் சாவி என் மேசைக்கு வந்துவிட்டது.

"ஒடஞ்சா நீங்கதாம்மா பொறுப்பு" என்றார்.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். உயிருள்ளவை, உயிரற்றவை, தண்ணீர், காற்று, சூடு, குளிர் என்று அறிவியல் நடத்த வேண்டும். கரும்பலகையில் நான் கோழி வரைந்தால் பிள்ளைகள் ஒரே குரலில் "கத்திரிக்கா" என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு டிவி கிடைத்தால் விடுவேனா? காலையில் போகிற கரண்ட் மத்தியானம்தான் வரும் என்பதால் அறிவியலைக் கடைசி பீரியடுக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளை வரிசையாகத் தலைமையாசிரியை அறைக்கு அழைத்துப் போய்த் தரையில் உட்காரவைப்பேன். பாதிப் பிள்ளைகளின் முழங்காலில் வெள்ளை மண் அப்பியிருக்கும். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் பொம்மைக் கம்பெனியிலோ ஊறுகாய் ஜாடி செய்கிற கம்பெனியிலோ வேலை செய்கிறவர்கள்.

டிவிடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இங்கிலீஷில் விளக்கம் சொல்லுவாள். நான் சத்தத்தை அணைத்துவிட்டு எங்கள் பேச்சிலேயே சொல்லுவேன். "பாரு, வெத வாயத் தொறக்குது பாரு" என்பேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்.

முட்டையிலிருந்து குஞ்சு வருகிற படம்தான் எல்லோருக்கும் பிடித்தது. முட்டை லேசாக ஆடும், ஒரு மூலையில் விரிசல் விடும், அலகு வெளியே வரும், பிறகு ஓடு பிளந்து ஈரக் குஞ்சு வந்து விழும். முதல் தடவை போட்டபோது, குஞ்சு வெளியே வந்த இடத்தில் என் விரல் ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனில் பட்டுவிட்டது. படம் பின்னால் ஓடியது. குஞ்சு எழுந்து முட்டைக்குள் ஏறிப் படுத்துக்கொள்ள, ஓடு மூடிக்கொள்ள, விரிசல் மறைந்து முட்டை முழு முட்டையாகிவிட்டது. அப்புறம் எழுந்த கூச்சலில் தலைமையாசிரியை வராந்தாவிலிருந்து ஓடி வந்தார்.

"டீச்சர், எங்க வூட்டு டிவி பின்னாடி போவாது டீச்சர்" என்றான் ஒரு பையன்.

வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த டிவியில் போனது போனதுதான். பின்னால் போகிற டிவி பள்ளிக்கூடத்து டிவி ஒன்றுதான், அதுவும் டீச்சர் கையில் ரிமோட் இருந்தால்தான் போகும் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அந்த மரியாதை பிடித்துத்தான் இருந்தது. அதன்பிறகு எப்போது அந்தப் படம் போட்டாலும் குஞ்சு வந்து விழுந்ததும் "ரிவர்ஸு, ரிவர்ஸு" என்று கத்துவார்கள். நானும் போடுவேன். அதோடு மணி அடித்துவிடும். படத்தின் மிச்சப் பகுதியை அவர்கள் யாரும் பார்த்ததே இல்லை.

மைதானத்தில் புது விளையாட்டு ஒன்று வந்தது. எல்லோரும் பின்னால் நடந்தார்கள். ஒருத்தன் பின்னால் நடந்தே போய்க் குழாயடிச் சேற்றில் உட்கார்ந்தான். ஒருத்தி சத்துணவு முட்டையைச் சாப்பிடாமல் பாவாடையில் முடிந்து வைத்துக்கொண்டு, குஞ்சு வரும் என்று காத்திருந்தாள். அவித்த முட்டை என்றேன். "அதுக்கு என்ன டீச்சர், ரிவர்ஸுல போட்டா பச்ச முட்ட ஆயிருமே" என்றாள். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது நான்தான் என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கேலி செய்தார்.

அந்த முட்டைக்காரிதான் வகுப்பிலேயே அதிகம் கத்துகிறவள். ரெட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த வாய், டிவிக்கு ஒரு முழம் தள்ளி அவளுக்கென்று ஒரு இடம். அவளுடைய அப்பாவுக்குப் பொம்மைக் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை. அம்மா அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அப்போது கர்ப்பமாக இருந்ததால் வேலையை விட்டிருந்தார். தங்கச்சிப் பாப்பாதான் வரப்போகிறது என்று இவளே முடிவு செய்து ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாள் அவளுடைய அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். யாரோ அவசரத்தில் பின்னிய ஒற்றைச் சடை. அவர் கேட்டருகிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா பொறந்துட்டுது டீச்சர். ஏழாம் மாசத்துலயே. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. இவங்க அம்மாவும் அங்கதான் இருக்குது. இவள பெரியம்மா வூட்டுல வுட்டிருக்கேன். கொஞ்சம் பாத்துக்கங்க."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டங்கறாங்க. பாக்கலாம், பாக்கலாம்ங்கறாங்க." அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சூளைய நேரத்துக்கு முன்னாடி தொறந்துட்டா என்னா ஆவும்? அந்த மாதிரி ஆயிட்டுது. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருக்கேன். அவரு பாத்துப்பாரு."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சாமிக்கே புகார் எழுதிக் கட்டிவிட்டு வருவோம், சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது சாமி சீக்கிரம் விசாரித்தால் தேவலை என்றுதான் தோன்றியது. அப்பா பேசியதையெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

அன்றைக்குக் கடைசி பீரியடில் அவள் குஞ்சுப் படம் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் நான் மழைப் படம் போட எடுத்தபோது அழுதே விட்டாள். சரியென்று குஞ்சுப் படத்தைப் போட்டேன். ரிவர்ஸ் வந்ததும் மற்றப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கிற கடைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஓடு மூடுகிறவரை கண்கொட்டாமல் பார்த்தாள்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ரிமோட்ட பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கினு போலாமா?"

"எதுக்குடி?"

"பாப்பா முன்னாடியே வந்துட்டுதாம். ரிவர்ஸ் போட்டா உள்ள போயிரும் இல்ல? நல்லா ஆனப்புறம் வரட்டும்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "போ, பையை எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போ" என்றேன். அவள் நகரவில்லை. "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "புள்ளைங்க ஆயிரம் சொல்லும்மா. ரெண்டு நாள்ல மறந்துரும்" என்றார். திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்த பாட்டைச் செவ்வாய்க்கிழமை மறந்துவிடுகிற பிள்ளைகள்தான். ஆனால் இதை அவள் மறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், டீச்சர் ரிமோட்டைக் கொடுக்காததால்தான் போய்விட்டது என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

சரி, நாம் வாத்தியார்தானே, பாடமாகவே நடத்திவிடுவோம் என்று துணிந்தேன். பின்னால் போவதெல்லாம் டிவியில் மட்டும்தான், நிஜத்தில் போகாது. இவ்வளவுதான் பாடம். ஒரு பழைய காகிதத்தைக் கிழித்தேன். "இது மறுபடி ஒட்டுமா?" "ஒட்டாது டீச்சர்." ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்தேன். "இது பழையபடி குச்சி ஆகுமா?" "ஆவாது டீச்சர்." நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்துக் கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்திருந்த, சூளையில் போடாத பச்சைப் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்து இரண்டாக உடைத்தேன்.

"இப்ப இது?"

"தண்ணில போட்டா கரைஞ்சிரும் டீச்சர்" என்றான் ஒருத்தன். "கரைச்சு அச்சுல ஊத்தினா மறுபடி பொம்ம வந்துரும்" என்றாள் இன்னொருத்தி. எங்கள் கம்பெனியில் அப்படித்தான், உங்கள் கம்பெனியில் எப்படி என்று அவர்களுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரட்டுமா, கரைத்துக் காட்டட்டுமா என்று கேட்டார்கள்.

டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். "வெந்துட்டாதான் டீச்சர் முடியாது. எங்க பாப்பா இன்னும் வேகல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்தப் பழமொழியைக் களிமண்ணை வைத்து அதற்குமேல் யாரும் நிரூபிக்க முடியாது.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை. அந்தப் படத்தின் மிச்சத்தை முன்னொரு தடவை நான் தனியாகப் போட்டுப் பார்த்திருந்தேன். முட்டையை விட்டு வந்த குஞ்சு களைத்துப்போய் அப்படியே கிடக்கும். ஒரு பல்பைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்து, தள்ளாடி எழுந்து நிற்கும். அதுவரை காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் கடைசி பீரியடில் குஞ்சு வந்து விழுந்தது. "ரிவர்ஸு" என்று கத்தினார்கள். "இன்னிக்கு ரிவர்ஸ் கிடையாது, மேல பாக்கப் போறோம்" என்றேன். குஞ்சு கிடந்தது. கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பல்பு வெளிச்சம் அதன்மேல் விழுந்தது.

"எங்க பாப்பாவுக்கும் லைட்டு போட்டிருக்காங்க" என்றாள் அவள், மெதுவாக.

அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. காலையில் ஒருமுறை போய் வந்ததுதான். முறையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

"செத்துப்போச்சா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"சாகலடா. எழுந்து நிக்கும். நாளைக்குப் பாக்கலாம்." மணி அடித்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் மட்டும் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்துரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்திருக்கேன்டி."

"நான் பாக்கலையே."

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லு என்று வருடம் முழுக்கக் கத்தியவள் நான். அவள் எழுந்திருக்கவில்லை. நான் என் மதிய டப்பாவில் மிச்சமிருந்த ஒரு முறுக்கைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர தின்னவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அப்பா தேடிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. என்னைத் தனியாக அழைத்தார்.

"போன் வந்துது டீச்சர். பாப்பாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம். நான் பாண்டிச்சேரி பஸ்ஸ புடிக்கணும். இவள அவங்க பெரியம்மாகிட்ட வுட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவள் டிவிப் பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள். குஞ்சு எழுந்தால்தான் வருவேன் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். ரிமோட் விஷயத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அடுத்த பஸ்ஸுல போய்க்கறேன்" என்றார்.

வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய தலைமையாசிரியையும் போகவில்லை. ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. நான் மனதுக்குள் மின்சார வாரியத்தையும் கொளஞ்சியப்பரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன், வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் மின்விசிறி மெல்லச் சுற்றியது. நான் பாய்ந்து போய் டிவியைப் போட்டேன். டிவிடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. "ஓட்டுங்க டீச்சர், சீக்கிரமா முன்னாடி ஓட்டுங்க" என்றாள் அவள். முன்னால் ஓட்டு என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

குஞ்சு வந்து விழுந்தது. கிடந்தது. சத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன். அந்த வெள்ளைக்காரப் பெண் பாட்டுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். குஞ்சின் முதுகில் ஈரம் காய்ந்து பஞ்சு மாதிரி பொங்கியது. ஒரு கால் அசைந்தது. எழப்பார்த்து மூக்குக் குப்புற விழுந்தது. பக்கத்தில் அந்த மனிதர் "ச்சு" என்றார். மறுபடி எழுந்தது. இந்த முறை விழவில்லை. நின்று, ஆடி, இரண்டு அடி நடந்து, கீழே கிடந்த எதையோ கொத்தியது.

"எழுந்துட்டுது" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் கழித்து என்னிடம் கேட்டார். "இவ்ளோ சீக்கிரமாவா டீச்சர் எழுந்துரும்?"

"இல்லீங்க. ரொம்ப நேரம் ஆவும். படத்துல நடுவுல வெட்டிட்டுக் காட்டறாங்க."

"அப்டியா" என்றார். அது அவருக்கு என்னவோ ஆறுதலாக இருந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். மகள் முறுக்கைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். இன்னொரு முறை போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ரிவர்ஸ் போடவா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவர் அன்றைக்கு பஸ் ஏறிப் போனார். மூச்சு ஒழுங்காகிவிட்டது என்று மறுநாள் பெரியம்மா வீட்டுக்குத் தகவல் வந்தது. அப்புறம் ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் பயமாக இருக்கும். டியூபில் பால் இறங்குகிறதாம், வாயாலேயே குடிக்கிறதாம், பெட்டியை விட்டு அம்மாவின் நெஞ்சோடு வைத்திருக்கிறார்களாம் என்று ஒவ்வொரு செய்தியும் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் அவள் வாய் வழியாகத்தான் வரும். ஒன்றாம் வகுப்பு முழுக்க அந்தப் பாப்பாவை வளர்த்தது. வருகைப் பதிவு எடுப்பதற்கு முன் பாப்பாவைப் பற்றிக் கேட்காமல் எனக்கு நாள் ஆரம்பிக்காது.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஒரு நாள், மத்தியான மணி அடித்ததும் கேட்டருகில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். முகம் இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கையில் பூப்போட்ட டர்க்கித் துண்டு. துண்டுக்குள் பாப்பா. தங்கச்சிதான், அவள் சொன்னபடியே. வகுப்பே போய் மொய்த்துக்கொண்டது. நான் அதட்டித் தள்ளி நிற்கவைத்தேன்.

"இவ பண்ண தொல்ல தாங்கல டீச்சர், மொதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னுட்டா" என்றார் அந்த அம்மா. "ஆஸ்பத்திரியில இருந்தப்ப போன்ல பேசனா இதே பேச்சுதான். 'படுத்தே கெடந்தா பயப்படாதம்மா, காஞ்சதும் எழுந்துரும்'னுவா. எதுக்குக் காயணும்னு எனக்குப் புரியல. ஆனா கேக்கக் கேக்கத் தெம்பா இருந்துது."

பாப்பாவை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"தொடாதீங்க டீச்சர்" என்று குறுக்கே வந்து நின்றாள் அக்காக்காரி. "கைய கழுவிட்டு வாங்க. சோப்பு போட்டுக் கழுவணும். ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க."

அம்மா பதறிப்போய் அவளை அதட்டினார். நான் பரவாயில்லை என்றுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். தலைமையாசிரியையும் மூன்றாம் வகுப்பு டீச்சரும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். கையோடு முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டேன்.

திரும்பி வந்து இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினேன். அவள் புரட்டிப் பார்த்தாள், குனிந்து மோந்து பார்த்தாள். "தலைக்கு அடியில புடிச்சுக்கங்க" என்றாள். அதன் பிறகுதான் பாப்பாவை என்னிடம் கொடுத்தார்கள்.